அப்புறம் என்ன ஆச்சு?

‘பால் தண்ணியைவிடப் பெரிசா?’ ‘சிவப்பு மஞ்சளைவிடக் கனமா?’

1980இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக மார்ட்டின் ஹியூஸ், ராபர்ட் கிரீவ் என்ற இரு உளவியலாளர்கள் ஐந்து வயது, ஏழு வயதுப் பிள்ளைகளிடம் இப்படிக் கேட்டார்கள். ‘இதெல்லாம் ஒரு கேள்வியா?’ என்று பிள்ளைகள் சிரித்திருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? பெரும்பாலானவர்கள் யோசித்துப் பதில் சொன்னார்கள். சிலர் காரணமும் சொன்னார்கள். பெரியவர் கேட்டால் அதற்கு ஒரு விடை இருந்தே ஆக வேண்டும் என்பது குழந்தையின் கணக்கு.

வகுப்பறையில் இதனால் பெரிய கெடுதல் இல்லை. ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்ததா என்று கேட்டறியும் அறையிலோ, ஒரு குடும்பத்தின் கதியே இதில் அடங்கியிருக்கலாம். இத்தகைய வழக்குகளில் பெரும்பாலும் சாட்சி கிடையாது. கொடுமைக்கு ஆளான பிள்ளைகளில் பலருக்கு மருத்துவப் பரிசோதனையில் எந்தத் தடயமும் தெரிவதில்லை. மிஞ்சுவது குழந்தையின் நினைவு ஒன்றுதான். கவனமில்லாத கேள்வி, ஈரமணலில் பதிந்த காலடியைப் பார்க்கப் போய் அதன்மேலேயே மிதித்துவிடுவது போன்றது.

நினைவை இரண்டு விதமாக எழுப்பலாம். ‘என்ன நடந்தது, சொல்லு’ என்றால் குழந்தை தன் மனத்துக்குள்ளிருந்து தானே தேடி எடுக்க வேண்டும். இதைத் தன்னியல்பு மீட்பு என்போம். வருவது கொஞ்சமாக இருக்கலாம். வருவதில் பெரும்பகுதி நம்பத்தக்கது. ‘அந்த மாமா உன்னைத் தொட்டாரா?’ என்று கேட்டால் தேடவே தேவையில்லை. விடை கேள்விக்குள்ளேயே இருக்கிறது, தலையாட்டினால் போதும். இதற்கு விடையூட்டும் கேள்வி என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

இந்த வித்தியாசத்தை உலகம் மிகுந்த விலை கொடுத்துத்தான் கற்றது. 1983இல் கலிஃபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச் ஊரில் மெக்மார்ட்டின் மழலையர் பள்ளிமேல் பாலியல் புகார் எழுந்தது. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் விசாரிக்கப்பட்டார்கள். 1990இல் வழக்கு முடிந்தபோது ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. அந்த விசாரணைகளின் பதிவுகளில் இருந்த உத்திகளைப் பிறகு ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். ‘மத்தப் பிள்ளைங்க எல்லாம் சொல்லிட்டாங்களே’ என்பது ஒன்று. சொன்னால் பாராட்டு, சொல்லாவிட்டால் ஏமாற்றமான முகம் என்பது இன்னொன்று. சோதனைக்காக ஒருவர் வேறொரு பள்ளிக்கு வந்து கதை சொல்லிவிட்டுப் போனார். ஒரு வாரம் கழித்து மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளிடம் அவரைப் பற்றிக் கேட்டார்கள். வெறும் விடையூட்டும் கேள்விகளுக்கு, நடக்காததை நடந்ததாகச் சொன்ன பதில்கள் 17 சதவீதம். இந்த உத்திகளையும் சேர்த்தபோது 58 சதவீதம். இத்தனைக்கும் ஆன நேரம் ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. 1998இல் வெளிவந்த இந்த முடிவைப் படித்தபின் குழந்தையிடம் ‘அப்படித்தானே?’ என்று கேட்கவே எனக்கு நாக்கு எழுவதில்லை.

‘பொய் சொன்னால் முகத்தில் தெரிந்துவிடாதா?’ என்று கேட்கலாம். ஸ்டீபன் செசியும் மிஷெல் லைக்ட்மனும் 1995இல் வெளியிட்ட ஆய்வில் சாம் ஸ்டோன் என்ற ‘விருந்தாளி’ மழலையர் பள்ளியில் இரண்டு நிமிடம் இருந்துவிட்டுப் போனார். எதையும் உடைக்கவில்லை. ஆனால் அவர் கைபட்டாலே எதுவும் கெட்டுப்போகும் என்று முன்கூட்டியே கதை பரப்பி, பிறகு பல வாரம் விடையூட்டும் கேள்விகளும் கேட்டபோது, மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளில் 72 சதவீதம் பேர் அவர் பொம்மையையோ புத்தகத்தையோ பாழாக்கினார் என்றார்கள். பிள்ளைகள் பதில் சொன்ன காணொளிகளைத் துறை வல்லுநர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். எந்தப் பிள்ளை சொல்வது உண்மை என்று அவர்களில் பெரும்பாலோரால் கண்டுபிடிக்க முடியவில்லை. பிள்ளைகள் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை, சிலர் அதை நம்பியே சொல்லியிருக்கலாம்.

ஆகவே பதிலை எடைபோடுவதைவிடக் கேள்வியைச் சீராக்குவதே வழி. 1990களில் மைக்கேல் லேம், கேத்லீன் ஸ்டெர்ன்பர்க், யேல் ஓர்பாக், இரித் ஹெர்ஷ்கோவிட்ஸ் முதலியோர் அமெரிக்காவின் தேசியக் குழந்தை நல நிறுவனமான என்.ஐ.சி.எச்.டி.யிலிருந்து ஒரு விசாரணை நெறிமுறையை உருவாக்கினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பெரியவர் ஒருவரும் குழந்தையும் சும்மா பேசிக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். உள்ளே ஒவ்வொரு வரிக்கும் காரணம் உண்டு.

முதலில் ஒரு சின்னப் பயிற்சி. ‘எங்க வீட்டு நாய்க்குட்டி பேரு என்னன்னு கேட்டா என்ன சொல்லுவே?’ சரியான விடை, ‘தெரியாது’. ஐந்து வயதுப் பையனிடம், ‘நீ ரெண்டு வயசுப் பொண்ணுன்னு நான் சொன்னா?’ சரியான விடை, ‘இல்லை, தப்பு’. பால் பெரிதா என்று கேட்டாலும் பதில் தேடும் குழந்தைக்கு, பெரியவரைத் திருத்தவும் உரிமை உண்டு என்று இந்த இரண்டே கேள்விகள் கற்றுக்கொடுத்துவிடுகின்றன.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. குழந்தை அண்மையில் கொண்டாடிய பிறந்த நாளோ பண்டிகையோ எதுவானாலும், முதலிலிருந்து முடிவுவரை சொல்லச் சொல்கிறார்கள். வழக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெரியவர்கள் பொதுவாக ஒற்றைச் சொல் பதிலோடு திருப்தி அடைவதே குழந்தைக்குப் பழக்கம். இவருக்கு முழுக்கதையும் வேண்டும் என்று இங்கேதான் அது புரிந்துகொள்கிறது. இஸ்ரேலில் நடத்தி 1997இல் வெளியிட்ட ஆய்வில், இப்படித் திறந்த கேள்விகளால் பழக்கப்பட்ட பிள்ளைகள் கொடுமை பற்றிய முதல் கேள்விக்கே மற்றவர்களைவிட இரண்டரை மடங்கு விவரம் தந்தார்கள்.

அதன் பிறகுதான், ‘இன்னைக்கு எதுக்காக என்கிட்ட பேச வந்திருக்கேன்னு சொல்லு’ என்ற அழைப்பு. குழந்தை ஒரு வாக்கியம் சொல்லும். ‘அப்புறம் என்ன ஆச்சு?’ இன்னொரு வாக்கியம். ‘கதவைச் சாத்தினார்னு சொன்னே. அதைப் பத்தி இன்னும் சொல்லு.’ கதவு என்ற சொல் குழந்தையிடமிருந்து வந்தது. கேட்பவர் அதைத்தான் திருப்பித் தருகிறார், தன் சொல்லைப் போடவில்லை. நான்கு முதல் எட்டு வயதுவரையுள்ள 130 பிள்ளைகளின் விசாரணைகளை 2003இல் ஆராய்ந்தபோது, கிடைத்த விவரங்களில் 49 சதவீதம் இத்தகைய திறந்த அழைப்புகளுக்கே வந்திருந்தது. நான்கு வயதுப் பிள்ளைக்கும் தன் கதையைச் சொல்லத் தெரியும் என்பது அதுவரை பலர் நம்பாத செய்தி.

திறந்த கேள்வி மட்டும் போதுமா? போதாது. 1991இல் கேரன் சேவிட்ஸ் குழுவினர், மருத்துவப் பரிசோதனைக்கு வந்துபோன ஐந்து, ஏழு வயதுச் சிறுமிகளிடம் அதைப் பற்றிக் கேட்டார்கள். பிறப்புறுப்பைப் பரிசோதித்ததைப் பெரும்பாலான சிறுமிகள் தாமாகச் சொல்லவில்லை. நேரடியாகக் கேட்டதும் சொன்னார்கள். மறதி இல்லை, கூச்சம். அதனால் நேரடிக் கேள்வியைத் தள்ளிவிடாமல், மற்ற எல்லாம் தீர்ந்த பிறகு கேட்பதற்கென்று கடைசியில் வைத்திருக்கிறார்கள்.

பலமுறை நடந்த கொடுமை இன்னும் சிக்கலானது. திரும்பத் திரும்ப நடப்பதை மூளை ஒரே வழக்கமாகச் சுருக்கி வைத்துக்கொள்கிறது. ‘எப்பவும் இப்படித்தான்’ என்கிறது குழந்தை. நீதிமன்றங்களோ பல நேரம் குறிப்பிட்ட ஒரு தடவையைக் கேட்கின்றன. எத்தனை தடவை, எந்தத் தேதி என்பவை சிறுவர்களுக்குப் பிடிபடாத கணக்குகள். ‘கடைசியா நடந்ததைச் சொல்லு’ என்றால் வழக்கத்திலிருந்து ஒரு நாள் பிரிந்து வரும். ‘மழை பெஞ்ச அன்னைக்கு’ என்று குழந்தையே ஓர் அடையாளம் வைத்தால், பேச்சு முழுக்க அந்த நாளுக்கு அதுதான் பெயர்.

பேசவே மறுக்கும் பிள்ளைகள் உண்டு. இஸ்ரேலில் 26,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளில், கொடுமையைச் சொன்னவர்கள் சுமார் 65 சதவீதம். சந்தேகம் பெற்றோர்மேல் இருந்தபோது இது இன்னும் குறைந்தது. இதற்காகவே பின்னர் நெறிமுறையைத் திருத்தி, அறிமுகப் பேச்சுக்கும் ஆதரவான சொற்களுக்கும் அதிக இடம் கொடுத்தார்கள்.

இந்தியாவில், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும் இந்த அறிவைக் கொஞ்சம் உள்வாங்கியிருக்கிறது. வாக்குமூலம் வாங்கும் போலீசார் சீருடையில் இருக்கக் கூடாது. நீதிமன்றத்தில் வக்கீல் குழந்தையிடம் நேரே கேட்க முடியாது. கேள்வியை நீதிபதியிடம் கொடுக்க வேண்டும், அவர்தான் கேட்பார்.

இவ்வளவும் அச்சில் இருக்கிறது, படித்துவிட்டால் வந்துவிடாதா? வராது என்பதுதான் இந்தத் துறையின் மிக வியப்பான கண்டுபிடிப்பு. விசாரணையாளர்கள் பயிற்சி பெற்றுத் தொடர்ந்து கருத்துரையும் கேட்டுவந்தவரை திறந்த கேள்விகளைக் கேட்டார்கள். கருத்துரை நின்ற ஆறு மாதத்துக்குள் பழையபடி விடையூட்டும் கேள்விகளுக்குத் திரும்பினார்கள் என்று 2002இல் லேம் குழுவினர் எழுதினார்கள். அனுபவம் கூடக்கூடத் திறமை தானாகக் கூடவில்லை. குழந்தைப் பாதுகாப்பில் மூத்த அலுவலர் ஒருவரின் தேவை இங்கேதான். இளையவர் நடத்திய விசாரணையின் எழுத்துப் பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு, இருவரும் வரிவரியாகப் போகிறார்கள்: இந்தச் சொல்லை முதலில் சொன்னது குழந்தையா, நீங்களா? இங்கே நீங்கள் குறுக்கிடாமல் இருந்திருந்தால் குழந்தை இன்னும் என்ன சொல்லியிருக்கும்? அடுத்த வாரம், அடுத்த பிரதி.