வினவலில் மாறிகளின் பயனும் எல்லையும்

கணக்கெழுதுவோர் ஒரு தொகையைக் கூட்டி, மறவாதிருத்தற்பொருட்டு அதனை ஏட்டின் ஓரத்திற் குறித்துக்கொள்வது வழக்கம். 1995-ஆம் ஆண்டில் வெளிவந்த மைஎஸ்கியூஎல் என்னுந் தரவுத்தள மென்பொருளில், பயனர் வரையறுக்கும் மாறி என்பது அத்தகைய ஓரக்குறிப்பே யாகும். அதன் இயல்பையும் எல்லையையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

இம்மாறியின் பெயர் @ என்னுங் குறியை முன்னர்க் கொண்டது. 'செட்' என்னுங் கட்டளையால் அதற்கு மதிப்பளிக்கலாம். சான்றாக, வகுப்பின் சராசரி மதிப்பெண்ணை ஒரு வினவலாற் கண்டு மாறியில் வைத்துக்கொண்டு, அதற்கு மேற்பெற்றோர் யாவர் என மற்றொரு வினவலாற் கேட்கலாம். மாறி, தன்னை ஆக்கிய இணைப்பிற்கே உரியது. பிற இணைப்பினர் அதனை எடுத்தாள இயலாது. இணைப்பு முடிந்தவுடன் அதுவும் மறையும். மதிப்புப் பெறாத மாறி 'நல்' எனப்படும் இன்மையைத் தரும். ஆதலின் பெயரில் ஓரெழுத்து மாறினும் மென்பொருள் பிழையென்று கூறாது. சராசரிக்கு மேற்பட்டோர் ஒருவருமிலர் என்பதுபோல விடை வெறுமையாய் வரும்.

பேரிடர் விளைவதோ, ஒரே வினவலினுள் மாறியை மாற்றியும் படித்தும் வருங்காலத்தேயாம். நிரைதோறும் மாறியோடு ஒன்று கூட்டித் தரவரிசை யெண் இடுதல் நெடுநாள் வழக்கமாயிருந்தது. மூன்று மாணவரின் மதிப்பெண்கள் அட்டவணையில் 78, 92, 85 என்னும் முறையில் உள்ளன எனக் கொள்வோம். அவற்றை அடுக்குமுன்னரே எண் இடப்பெறின், முறையே 1, 2, 3 என அமையும். பின்னர் இறங்குமுகமாய் அடுக்கினும் அவ்வெண்கள் மாறா. 92 பெற்றவர் இரண்டாமவராயும், 78 பெற்றவர் முதல்வராயும் தோன்றுவர்.

இதற்குக் காரணம் யாதெனின், 1970-இல் இ. எஃப். காட் வகுத்த உறவுமுறைக் கோட்பாட்டின்படி, அட்டவணையின் நிரைகளுக்குத் தமக்குள் முன்பின் என்பதில்லை. வினவலின் எப்பகுதி முன்னர்க் கணிக்கப்படும் என்பதற்கும் மைஎஸ்கியூஎல் உறுதி கூறுவதில்லை. இன்று சரியாய் வந்த விடை, நாளை ஒரு சுட்டகம் சேர்த்த அளவில் மாறக்கூடும்.

2018-இல் வெளிவந்த 8.0 பதிப்பு, சாளரச் சார்புகள் என்பவற்றை அளித்து இக்குறையை நீக்கிற்று. இவற்றில் எவ்வரிசையில் எண்ணவேண்டும் என்பதைப் பயனரே வெளிப்படக் கூறுவர். 'ரேங்க்' என்னுஞ் சார்பு, 92, 85, 85, 78 என்பவற்றிற்கு 1, 2, 2, 4 எனச் சமன் பிழையாது எண்ணுகின்றது. 'செட்' அல்லாத கட்டளைகளினுள் மாறிக்கு மதிப்பளித்தல் 8.0.13 பதிப்பிற் கைவிடத்தக்கதென அறிவிக்கப்பட்டது.

பரிசும் உதவித்தொகையும் தரவரிசையைப் பற்றியே வழங்கப்படுவன. ஆதலின் ஒரு வினவலில் நிறுத்திய மதிப்பை மற்றொன்றிற்கு எடுத்துச் செல்லுதற்கு மாறியைக் கையாள்வோம். வரிசையெண் இடுதற்குச் சாளரச் சார்பையே நாடுவோமாக.