வாப்பாவின் பயமும் மகனின் துணிச்சலும்

குடும்பமாக நடத்தும் கடைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்றுண்டு. "வாப்பாவுக்குப் பயம்" என்பார் மகன். "இவன் இன்னும் அடிபடவில்லை" என்பார் வாப்பா. பெரிய ஓடர், புதுக் கிளை என்று வரும்போது இது சண்டையாகி, சில இடங்களில் கடையே இரண்டாகிவிடுகிறது. வயது ஏற ஏறத் துணிச்சல் குறையும் என்பதை இருவருமே நம்புகிறார்கள். ஆய்வாளர்கள் கண்டது அவ்வளவு நேரான கணக்கல்ல.

2005இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், கணினி விளையாட்டில் காரோட்ட விட்டுப் பார்த்தார்கள். பதின்ம வயதினர் தனியே இருந்தபோதை விட, நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது கூடுதலாக ஆபத்தை எடுத்தார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. ஆக, இளையவரின் துணிச்சலில் ஒரு பங்கு கூட்டாளிகளுடையது. சீனாவிலிருந்து ஒரு கொன்டெய்னர் இறக்குவோம் என்று யாராவது பிள்ளை வந்து சொன்னால், இந்த முடிவை எங்கே இருந்து எடுத்தாய் என்றுதான் நான் முதலில் கேட்பேன். இரவில் தேநீர்க் கடையில் நாலு பேர் கூடி எடுத்த முடிவு வேறு, காலையில் கணக்குக் கொப்பியின் முன் எடுத்த முடிவு வேறு.

நடுவயதுக்காரருக்கு ஒரு நல்ல செய்தி. கடன் வாங்குவோர் தேவையற்ற கட்டணங்களிலும் வட்டியிலும் எவ்வளவு இழக்கிறார்கள் என்று பார்த்த அமெரிக்க ஆய்வொன்று 2009இல் வெளியானது. மிகக் குறைவாகத் தவறு செய்தவர்கள் 53 வயதை ஒட்டியவர்கள். (நான் அந்த வயதுப் பக்கத்து ஆள் என்பதால் இதைச் சொல்லவில்லை!) அனுபவம் சேர்ந்திருக்கும், புதியதைப் பிடிக்கும் வேகமும் முற்றாகக் குறைந்திராத காலம் அது.

முதியவர்களைப் பற்றித்தான் நாம் அதிகம் பிழையாக நினைக்கிறோம். 2011இல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, இலாப நட்டம் இன்னது என்று முன்னாலேயே எழுதிக் காட்டினால் இளையவருக்கும் முதியவருக்கும் பெரிய வேறுபாடு இருக்கவில்லை. செய்து பார்த்துத்தான் கற்க வேண்டும் என்ற இடத்தில் வேறுபாடு வந்தது. விலக வேண்டிய இடத்தில் முதியவர் நின்றார், துணிய வேண்டிய இடத்தில் தயங்கினார். இதைக் கோழைத்தனம் என்பது அநியாயம். புதிய பாடம் ஏறச் சற்று நேரம் எடுக்கிறது, அவ்வளவுதான்.

பழைய பாடமென்றால் கதை வேறு. 2022 மார்ச்சில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. 1970 முதல் 77 வரையிலான தட்டுப்பாட்டைக் கண்ட பெரியவர்கள் சிலர் அப்போது கடனுக்குக் கொடுப்பதை உடனே நிறுத்தினார்கள். இன்றைய விலைக்கு விற்ற காசில் நாளை அதே சரக்கை வாங்கி இறாக்கையை நிரப்ப முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். அதே பெரியவர்களிடம், தொலைபேசியில் வந்த இரகசிய இலக்கத்தைக் கேட்டு எவனாவது பேசினால் தடுமாறுகிறார்கள்.

எங்கள் கடையில் இப்போது மகன் பெரிய ஓடர் ஒன்றைச் சொன்னால் வாயால் கேட்பதில்லை. எத்தனை நாளில் விற்கும், விற்காவிட்டால் எவ்வளவு போகும் என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்கிறேன். ஓர் இரவு கழித்து இருவரும் சேர்ந்து செக்கில் கையொப்பமிடுகிறோம். தொலைபேசி வழி வரும் கொடுக்கல் வாங்கல் முழுக்க அவர் பொறுப்பு. யாருக்குக் கடன் கொடுப்பது என்பது மட்டும் இன்னும் என் கையில்தான்.