மஞ்சளாகும் நெற்பயிர்... யூரியா போடுமுன் ஒரு சோதனை!

‘நடவு முடிந்து மூன்று வாரம் ஆகிறது. பயிர் திட்டுத்திட்டாக மஞ்சளாகிறது. யூரியா போடலாமா?’

டெல்டா விவசாயிகளுக்குப் பழகிப்போன கேள்வி இது. பதில், மஞ்சளின் காரணத்தைப் பொறுத்தது. தழைச்சத்துக் குறைவென்றால் அடி இலைதான் முதலில் வெளுக்கும். மேலுரம் போட்டால் பச்சை திரும்பிவிடும். துங்ரோ நோய் என்றால், இலை நுனியிலிருந்து ஆரஞ்சு கலந்த மஞ்சள் இறங்கும், பயிர் குட்டையாகும், தூர் குறையும். இதற்கு யூரியா போட்டால் காசு வீண். அதோடு, நோயைப் பரப்பும் பச்சை தத்துப்பூச்சிக்கு இளந்தழை விருந்தாகிவிடும்.

ஆரம்பத்தில் இரண்டையும் கண்ணால் பிரித்தறிவது சிரமம். ஆனால், நோய்க்கிருமியின் மரபணு பொய் சொல்லாது.

மின்சாரம் சொல்லும் சேதி

துங்ரோவை இரண்டு வைரஸ்கள் சேர்ந்து உண்டாக்குகின்றன. மஞ்சளுக்கும் குட்டைக்கும் முக்கியக் காரணமான வைரஸின் மரபணு, டி.என்.ஏ.வால் ஆனது. அது இலையில் இருக்கிறதா என்று அறிய இன்று பி.சி.ஆர். ஆய்வகம் வேண்டும். அந்த வேலையைக் கையடக்கக் கருவிக்குள் கொண்டுவரும் முயற்சிதான் மின்வேதி டி.என்.ஏ. உணர்வி.

வீட்டில் சர்க்கரை அளக்கும் கருவியைப் பலர் பார்த்திருப்பார்கள். ஒரு சொட்டு ரத்தம் பட்டையில் பட்டதும் சிறு மின்னோட்டம் உண்டாகும். அதுவே எண்ணாகத் தெரியும். இதுவும் அந்த வழிதான். டி.என்.ஏ., ஜிப் போல இரண்டு இழைகள் கொண்டது. கிருமியின் ஓர் இழைக்குச் சரியான ஜோடி இழையை மின்முனையில் ஒட்டி வைப்பார்கள். இலைச்சாற்றில் கிருமி இருந்தால் இரண்டும் பூட்டிக்கொள்ளும், மின்னோட்டம் மாறும். இல்லையென்றால் மாறாது.

டி.என்.ஏ.வை மின்முனையால் அறியலாம் என்பதை 1960-ல் உலகுக்குச் சொன்னவர் செக் விஞ்ஞானி எமில் பலேசெக். நம் பக்கத்தில், தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தில் உயிர் உணர்விகள் பற்றிய ஆய்வு நடக்கிறது. காரைக்குடியில் 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமும் இத்துறையில் உழைக்கிறது. என்றாலும், இலைச்சாற்றிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பதே வயலில் பெரிய வேலை. துங்ரோவுக்கான கருவி உரக்கடைக்கு வர இன்னும் காலமாகும்.

அதுவரை அயோடின்

காலை 6 மணிக்கு முன் சந்தேகப்படும் இலைகளின் நுனியில் 10 செ.மீ. நறுக்குங்கள். 100 மி.லி. தண்ணீரில் 2 கிராம் அயோடின், 6 கிராம் பொட்டாசியம் அயோடைடு கரைத்து, இலையை 15 நிமிடம் ஊறவைத்துக் கழுவுங்கள். கருநீலக் கோடுகள் தெரிந்தால் துங்ரோவாக இருக்கலாம். நல்ல இலை, இரவோடு இரவாக மாவுச்சத்தை வெளியே அனுப்பிவிடும். நோயுற்ற இலையில் அது தேங்கும். வெயில் ஏறினால் நல்ல இலையும் கறுக்கும் என்பதால்தான் அதிகாலை.

துங்ரோவைக் குணமாக்க மருந்து இல்லை. நோய்கண்ட பயிரைப் பிடுங்கிப் புதைத்து, விளக்குப்பொறி வைத்துத் தத்துப்பூச்சியைக் கவனியுங்கள். சந்தேகமிருந்தால் மாதிரியோடு வேளாண் விரிவாக்க மையத்துக்கோ, ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கோ போங்கள். யூரியா மூட்டையை அதன்பிறகு பிரிக்கலாம்.