கையொப்பத்துக்கு முன் கற்கவேண்டிய ஆங்கிலம்

தமிழகத்தை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறியுள்ள நம்மவர் பலருக்கு மொழிகள் மூன்று. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் இந்தியோ, மராத்தியோ, வங்காளியோ, கையொப்பமிடும் காகிதத்தில் ஆங்கிலம். முதல் இரண்டையும் வாழ்க்கையே கற்பித்துவிடுகிறது. மூன்றாவதை நாம் முயன்றே கற்றாக வேண்டும். அலுவலகத்தில் சரளமாக ஆங்கிலம் பேசுவோரும் கடன் பத்திரத்தின் இரண்டாம் பக்கத்தில் தயங்குவதைக் காண்கிறோம். அங்கே வருபவை பெரும்பாலும் காதில் விழுந்த சொற்களே. ஆயினும் பணத்துறையில் அவற்றின் பொருள் வேறு.

‘நாமினி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். எவர் பெயர் எழுதப்பட்டதோ அவருக்கே பணம் சொந்தம் என்பது பரவலான எண்ணம். வங்கி வைப்புத் தொகையைப் பொறுத்தவரை இது சரியன்று. நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம்; எனினும் அதற்கு உடைமையாளர் ஆகிவிடமாட்டார் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாரிசுகளின் உரிமை அப்படியே நிற்கும். ஆயுள் காப்பீட்டிலோ, 2015-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி, பெற்றோர், வாழ்க்கைத் துணை, மக்கள் ஆகியோரை நாமினியாகக் குறித்தால் பொதுவாக அவர்களுக்கே அத்தொகை உரியதாகிறது. காகிதம் மாறினால் அதே சொல்லின் பயனும் மாறிவிடுகிறது.

அடுத்தது ‘கேரண்டர்’. ஊர்க்காரர் என்ற அன்பினால் ஒருவருக்காகக் கையொப்பமிடுகிறோம். நற்சான்று அளித்ததாகவே எண்ணிக்கொள்கிறோம். ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்படாவிடில், பிணை நிற்பவரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமமானது என்பது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் விதி. அவர் கட்டத் தவறினால் முழுக் கடனும் நம் தலைமேல் விழக்கூடும்.

வட்டியிலும் இத்தகைய இரட்டைச் சொற்கள் உண்டு. ஒரு லட்சம் ரூபாயை 12 சதவீத வட்டிக்கு வாங்கி, ஓராண்டில் சம மாதத் தவணைகளாக அடைப்பதாக வைத்துக்கொள்வோம். ‘பிளாட் ரேட்’ எனில் வட்டி 12,000 ரூபாய். ‘ரெட்யூசிங் பாலன்ஸ்’ எனில் சுமார் 6,620 ரூபாயே. முன்னதில், திருப்பிக் கட்டிவிட்ட முதலுக்கும் வட்டி கணக்கிடப்படுகிறது.

இச்சொற்களைக் கற்க அகராதியை மனனம் செய்ய வேண்டுவதில்லை. வீட்டுப் பெட்டியிலுள்ள காப்பீட்டுப் பத்திரமும், வங்கிப் புத்தகமும், கடன் ஒப்பந்தமுமே நமக்கு ஏற்ற பாடநூல்கள். ஞாயிறுதோறும் ஐந்து சொற்களைக் குறித்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் எதிரே தமிழில் அதன் பொருள், நம் வீட்டுக் கணக்கிலிருந்தே ரூபாயில் ஓர் உதாரணம், அதனோடு குழப்பிக்கொள்ளத் தக்க இன்னொரு சொல் ஆகிய மூன்றையும் எழுதுவோம். கணவன், மனைவி, கல்லூரி செல்லும் பிள்ளைகள் அனைவரும் உடனிருப்பது நலம். குடும்பத் தலைவர் ஒருவருக்கே தெரிந்திருக்கும் சொல், அவர் நோயுற்றிருக்கும் காலத்தில் வீட்டுக்கு உதவாது.

இதில் நமக்கோர் உரிமையும் உண்டு. 2024 அக்டோபர் முதல், வங்கிகள் தனிநபர்க்கு வழங்கும் புதிய தவணைக் கடன்களுக்கு ‘கீ ஃபாக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்’ என்னும் விவரத்தாளைக் கடன் பெறுவோர்க்கு விளங்கும் மொழியில் தந்து விளக்கவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. அதில் ‘ஏ.பி.ஆர்.’ என்றிருப்பது, வட்டியோடு ஏனைய கட்டணங்களையும் சேர்த்த ஆண்டுச் செலவு வீதம். அதைக் கேட்டு வாங்குவோம். விளங்காத சொல்லுக்கு விளக்கம் கேட்போம். கேட்பதில் வெட்கமில்லை. பேனாவைத் திறக்க அதன்பின் நேரம் உண்டு.