நகரசபைத் தேர்தலில் தற்காலிகப் பணி: டோர்செட் பார்க் குடியிருப்பாளர்களுக்கான விளக்கம்

ஒன்ராறியோ மாகாணத்தில் நகரசபைத் தேர்தல்கள் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை, ஒக்ரோபர் மாதத்தின் நான்காவது திங்கட்கிழமையன்று நடைபெறுகின்றன. ரொறன்ரோவின் அடுத்த பொதுத் தேர்தல் 2026 ஒக்ரோபர் 26ஆம் திகதிக்குரியது. அன்று நகரெங்கும் வாக்குச்சாவடிகளை நடத்துவதற்கும் வாக்குகளை எண்ணி ஒப்படைப்பதற்கும் பெருந்தொகையான தற்காலிக அலுவலர்கள் தேவைப்படுகின்றனர். டோர்செட் பார்க் உள்ளடங்கும் 21ஆம் வட்டாரமான ஸ்காபரோ மத்தியும் இதற்கு விலக்கல்ல.

இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் தேர்தல் கடமை பெரும்பாலும் அரச ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் உரியது. அந்த நினைவுடன் இங்கு வந்த நம்மிற் பலர், இங்கும் அது உத்தியோகத்தர்களின் வேலை என்றே எண்ணுகின்றனர். உண்மையில் இந்த மேசைகளுக்குப் பின்னால் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் சாதாரணக் குடியிருப்பாளர்களே: மாணவர்கள், ஓய்வுபெற்றோர், ஒரு நாள் விடுப்பெடுத்து வந்தவர்கள். அவர்கள் செய்யும் வேலை என்ன, அதில் தவறினால் என்ன நேரும், தமிழ் பேசும் ஒருவர் அங்கு எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகின்றது.

நியமனம்

நகரசபைத் தேர்தல்கள் 1996ஆம் ஆண்டின் ஒன்ராறியோ நகரசபைத் தேர்தல் சட்டத்தின்படி நடத்தப்படுகின்றன. அச்சட்டத்தின்படி தேர்தலை நடத்தும் பொறுப்பு நகரச் செயலாளருடையது. அவர் ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் ஒரு துணைத் தெரிவத்தாட்சி அலுவலரையும், தேவைக்கேற்ப ஏனைய அலுவலர்களையும் நியமிக்கின்றார். பதவிப் பெயர்கள் தேர்தலுக்குத் தேர்தல் சிறிது மாறலாம். வேலைப்பிரிவு பெரிதும் மாறுவதில்லை. ஒருவர் சாவடி முழுவதற்கும் பொறுப்பாவார். ஒருவர் வாக்காளர் இடாப்பைத் திருத்துவார். ஒருவர் வாக்குச்சீட்டு வழங்குவார். ஒருவர் எண்ணும் இயந்திரத்தைக் கவனிப்பார். ஒருவர் வருவோரை வரவேற்று வழிகாட்டுவார்.

வாக்களிப்பதற்கு ஒருவர் கனடாக் குடியுரிமை பெற்ற, 18 வயது நிறைந்தவராகவும், நகரில் வசிப்பவராகவோ இங்கு நிலம் அல்லது வீட்டின் உரிமையாளராகவோ வாடகையாளராகவோ அவர்களது வாழ்க்கைத் துணையாகவோ இருத்தல் வேண்டும். தேர்தல் அலுவலர் குடியுரிமை பெற்றவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை இச்சட்டம் விதிக்கவில்லை. எனவே நிரந்தர வதிவிடம் பெற்றவர்கள் 'நமக்கு வாக்கில்லையே' என்று ஒதுங்கிவிடாமல், நகரம் வெளியிடும் ஆட்சேர்ப்பு அறிவித்தலில் உள்ள தகைமைகளை முதலிற் பார்த்துவிடுதல் நன்று.

இடாப்பில் பெயரில்லாதவர்

சாவடியில் மிகுந்த பொறுமையை வேண்டும் மேசை இடாப்புத் திருத்த மேசையாகும். 2024 சனவரி 1ஆம் திகதி முதல் ஒன்ராறியோவின் வாக்காளர் பதிவேட்டை 'இலெக்ஷன்ஸ் ஒன்ராறியோ' பராமரித்து வருகின்றது. எந்தப் பதிவேடாயினும் அடிக்கடி வீடு மாறுவோரை உடனுக்குடன் பின்தொடர இயலாது. கென்னடி வீதியை அண்டிய அடுக்குமாடிகளிலும் வீடுகளின் நிலக்கீழ்ப் பகுதிகளிலும் வாடகைக்கு இருப்போரின் பெயர் விடுபட்டிருக்கலாம். அல்லது முன்பிருந்தவரின் பெயர் இன்னும் அங்கே இருக்கலாம்.

பெயர் இல்லை என்பதற்காக ஒருவரைத் திருப்பி அனுப்பலாகாது. தகுதியுடையவர் அடையாளத்தைக் காட்டி, படிவத்தை நிரப்பிக் கையொப்பமிட்டால், அன்றைய தினமே இடாப்பிற் சேர்க்கப்பட்டு வாக்களிக்கலாம். அடையாள ஆவணத்தில் பெயரும் முகவரியும் இருத்தல் வேண்டும், நிழற்படம் கட்டாயமன்று. பிள்ளைகளின் வீட்டில் வாழும் முதியவர் பெயரில் மின்கட்டணச் சீட்டு இராது. ஆயினும் அவரது வங்கிக் கணக்குக் கூற்றோ, முதியோர் ஓய்வூதியத்துக்கான வரிச் சீட்டோ போதுமானது. இதனை அறியாத அலுவலர் ஒருவர் ஒரு முதியவரின் வாக்குரிமையை அறியாமலேயே பறித்துவிடக்கூடும். அதே வேளை, இரக்கப்பட்டுக் கையொப்பம் பெறாமலே ஒருவரை அனுமதிக்கும் அலுவலர் அந்த வாக்கைப் பின்னர் கேள்விக்குள்ளாக்குகின்றார்.

வாக்குச்சீட்டும் எண்ணும் இயந்திரமும்

ஒரே வாக்குச்சீட்டில் நகரபிதா, நகரசபை உறுப்பினர், பாடசாலைச் சபை அறங்காவலர் ஆகிய மூன்று தெரிவுகளும் இருக்கும். அறங்காவலர் தெரிவு வாக்காளர் எந்தப் பாடசாலைச் சபையை ஆதரிப்பவர் என்பதைப் பொறுத்தது. ரொறன்ரோவில் ஆங்கிலப் பொது, ஆங்கிலக் கத்தோலிக்க, பிரெஞ்சுப் பொது, பிரெஞ்சுக் கத்தோலிக்க என நான்கு சபைகள் உள்ளன. ஆகவே சரியான வகைச் சீட்டை வழங்குவது முக்கியம். தவறான சீட்டைப் பெற்ற வாக்காளர் தமக்கு உரிமையில்லாத தேர்தலில் வாக்களித்து, உரிமையுள்ள தேர்தலைத் தவறவிடுவார்.

குறியிட்ட சீட்டை மறைப்பு உறையில் வைத்து இயந்திரத்தில் செலுத்துவார்கள். காலையில் வாக்களிப்புத் தொடங்குமுன் இயந்திரம் அச்சிடும் நாடாவில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் சுழியம் என இருப்பதை அலுவலர் உறுதிசெய்ய வேண்டும். ஒரு பதவிக்கு அனுமதிக்கப்பட்டதைவிடக் கூடுதலாகக் குறியிட்டிருந்தாலோ சீட்டு வெறுமையாக இருந்தாலோ இயந்திரம் அறிவிக்கும். அப்போது வாக்காளருக்கு இரு வழிகள் உண்டு: அந்தச் சீட்டைக் கையளித்துப் புதிய சீட்டைப் பெறலாம், அல்லது அதை அப்படியே ஏற்கச் செய்யலாம். தீர்மானம் அவருடையது. அலுவலர் சீட்டிலுள்ள குறிகளைப் பார்க்காமலே இந்த இரு வழிகளையும் விளக்க வேண்டும். கைவிடப்பட்ட சீட்டு 'இரத்து' எனக் குறிக்கப்பட்டுத் தனியே வைக்கப்படும். அதைக் கிழித்தெறிதல் கூடாது. இயந்திரம் எண்ணினாலும் காகிதச் சீட்டுகள் பெட்டியில் அப்படியே இருக்கும். மீள எண்ண நேரின் அவையே சான்று.

தமிழில் உதவுதல்: எல்லை எது?

டோர்செட் பார்க்கில் தமிழ் பேசும் அலுவலர் ஒருவர் இருப்பது பல முதியவர்களுக்கு ஆறுதல். ஆயினும் அந்த ஆறுதலே அலுவலருக்கு இக்கட்டாகவும் அமையலாம். உங்கள் மேசைக்கு வரும் அம்மா ஒருவர் சீட்டைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இதில எங்கட ஆள் ஆர்?" எனக் கேட்கக்கூடும். அவர் உங்கள் அயல்வீட்டாராகவும் இருக்கலாம். உங்கள் பதில் ஒன்றாகவே இருத்தல் வேண்டும்: "அம்மா, அதை நான் சொல்லக் கூடாது. எப்பிடிக் குறிக்கிறது எண்டு காட்டலாம். ஆருக்கு எண்டது உங்கட முடிவு."

இது வெறும் நாகரிகமன்று. வாக்குச்சாவடியில் உள்ள வாக்காளரின் தெரிவின்மீது நேரடியாகவோ மறைமுகமாகவோ செல்வாக்குச் செலுத்த முயல்வதைச் சட்டம் எவருக்கும் தடைசெய்கின்றது. வேட்பாளரின் பிரசாரப் பொருள்களைச் சாவடியில் காட்டுவதும் தடை. வாக்களிப்பின் இரகசியத்தைக் காக்க உதவுவது அங்கு இருக்கும் ஒவ்வொருவரின் கடமை.

செய்யக்கூடியவை பல. சீட்டை எவ்வாறு நிரப்புவது, தவறு நேர்ந்தால் என்ன செய்வது, எந்தப் பதவி எதற்குரியது என்பவற்றைத் தமிழில் விளக்கலாம். பார்வைக் குறைவோ வேறு இயலாமையோ உள்ளவருக்கு உதவி தேவையெனில், துணைத் தெரிவத்தாட்சி அலுவலரின் அனுமதியுடன் அவ்வுதவி வழங்கப்படும். நண்பரோ உறவினரோ உதவ வந்தால், இரகசியம் காப்பதாக அவர் உறுதிமொழி அளிக்க வேண்டும். இன்னுமொரு நல்ல வழக்கம் உண்டு: தமிழில் நீங்கள் கூறியதைச் சக அலுவலருக்கு ஆங்கிலத்திலும் சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள். அருகில் நிற்கும் வேட்பாளர்களின் முகவர்கள் புரியாத மொழி உரையாடலைக் கண்டு ஐயுறுதல் இயல்பு. உங்கள் வெளிப்படைத்தன்மை உங்களையும் காக்கும், அந்த அம்மாவின் வாக்கையும் காக்கும்.

இரவு 8 மணிக்குப் பின்

வாக்களிப்புக் காலை 10 மணி முதல் இரவு 8 மணி வரை நடைபெறும். 8 மணிக்குச் சாவடியினுள் வரிசையில் நிற்போர் வாக்களிக்கலாம். இறுதி வாக்காளர் சென்றபின் முடிவு நாடா அச்சிடப்படும்.

பின்னர் கணக்குச் சரிபார்ப்பு. உதாரணமாக, ஒரு சாவடிக்கு 600 சீட்டுகள் வந்தன எனக் கொள்வோம். பெட்டியில் 412, இரத்தானவை 5, வாக்காளர் மறுத்துக் கையளித்தது 1, எஞ்சியவை 182 எனில் கூட்டுத்தொகை 600, கணக்குச் சரி. எஞ்சியவை 181 ஆக இருந்தால் ஒன்று குறைகின்றது. பன்னிரண்டு மணி நேர உழைப்பின் பின், களைத்திருக்கும் அந்த வேளையில், 181ஐ 182 என எழுதிவிட்டு வீடு செல்லும் எண்ணம் எழக்கூடும். அதை ஒருபோதும் செய்யாதீர்கள். மீண்டும் எண்ணுங்கள். அப்போதும் குறைந்தால், குறைகின்றது என்றே எழுதி, பொறுப்பாளருக்கு அறிவியுங்கள். குறைவைப் பதிவு செய்தல் குற்றமன்று; மறைத்தல் பெரும் பிழை.

முடிவுக் கூற்று இரு பிரதிகளில் தயாரிக்கப்படும். சீட்டுகள் உள்ள பெட்டி, முத்திரையை உடைக்காமல் எதையும் இடவோ எடுக்கவோ முடியாதவாறு முத்திரையிடப்பட்டு, மூலக் கூற்றுடன் நகரச் செயலாளரிடம் ஒப்படைக்கப்படும். முடிவு பிரகடனம் செய்யப்பட்ட நாளிலிருந்து 120 நாட்கள் அவை பாதுகாக்கப்படும். அதன்பின், மீள எண்ணலோ வழக்கோ இல்லையெனில், சீட்டுகள் இரு சாட்சிகளின் முன்னிலையில் அழிக்கப்படும். இரு வேட்பாளர்கள் சமமான வாக்குகள் பெற்றால் மீள எண்ணப்படும். அதன்பின்னும் சமமெனில் திருவுளச்சீட்டு மூலம் முடிவு காணப்படும்.

ஒரு கையொப்பத்தின் பெறுமதி

இந்நகரிலேயே நிகழ்ந்த இரு வழக்குகள் இவ்வேலையின் பாரத்தைத் தெளிவாக்கும். 2010ஆம் ஆண்டு நகரசபைத் தேர்தலில் யோர்க் மத்தியின் 9ஆம் வட்டாரத்தில் வெற்றி 89 வாக்குகளால் தீர்மானமாயிற்று. இடாப்பிற் பெயர் சேர்க்கும் படிவங்களிலிருந்த குறைபாடுகள் நீதிமன்றம் சென்றன. முதலில் புதிய தேர்தலுக்கு உத்தரவிடப்பட்டது. மேன்முறையீட்டில் அவ்வுத்தரவு நீக்கப்பட்டது.

2011 மே 2ஆம் திகதிய கூட்டாட்சித் தேர்தலில் எற்ரோபிக்கோ மத்தித் தொகுதியில் வித்தியாசம் 26 வாக்குகள் மட்டுமே. பதிவுப் படிவங்களிலும் வாக்காளரை உறுதிப்படுத்தும் முறையிலும் இருந்த குறைபாடுகளுக்காகக் கீழ் நீதிமன்றம் 79 வாக்குகளை ஒதுக்கித் தேர்தலைச் செல்லாதெனத் தீர்த்தது. 2012 ஒக்ரோபர் 25ஆம் திகதி உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மூவர் என்ற பெரும்பான்மையில் அத்தீர்ப்பை மாற்றியது. தேர்தல் நாளில் பணியாற்றுவோர் குறுகிய பயிற்சியுடன் நீண்ட நேரம் உழைக்கும் தற்காலிக அலுவலர்கள், ஆகவே எழுத்துப் பிழைகள் தவிர்க்க முடியாதவை, அவற்றுக்காகத் தகுதியுள்ள வாக்காளரின் உரிமையைப் பறித்தல் தகாது என்பது பெரும்பான்மையினர் நோக்கு. சட்டம் வகுத்த பாதுகாப்புகள் பின்பற்றப்படாவிடின் வாக்களிக்கும் தகைமை நிறுவப்படவில்லை என்பது சிறுபான்மையினர் நோக்கு.

சட்டம் கற்றவன் என்ற முறையில் இத்தீர்ப்பின் இரு பக்கங்களையும் மதிக்கின்றேன். ஏழு நீதியரசர்களும் ஆராய்ந்தவை எவரோ ஒரு குடியிருப்பாளர் ஒரு பள்ளிக்கூட மண்டபத்திலோ சமூக நிலையத்திலோ அமர்ந்து நிரப்பிய, அல்லது நிரப்ப மறந்த, தாள்களையே. நீதிமன்றம் தவறை மன்னித்தது. ஆயினும் தொகுதி மக்கள் தங்கள் பிரதிநிதி யார் என்ற உறுதியின்றி ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு காத்திருக்க நேர்ந்தது.

விண்ணப்பிக்குமுன்

பயிற்சிக்குக் கட்டாயம் வர வேண்டும். வேட்பாளர் ஒருவருக்காகப் பிரசாரம் செய்பவர் இப்பணியை நாடக்கூடாது. ஆங்கிலத்தில் படிவங்களை வாசித்து நிரப்பும் ஆற்றல் தேவை. தேர்தல் நாளில் அதிகாலை முதல் இரவு வரை வேறு கடமை வைத்துக்கொள்ளாதீர்கள். சிறு பிள்ளைகளைப் பார்ப்பதற்கு முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள். பதவிக்குரிய கொடுப்பனவை விண்ணப்பத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அது வரிக்குரிய வருமானம். சமூக உதவிக் கொடுப்பனவு பெறுவோர் அதனைத் தமது அலுவலருக்கு அறிவித்தல் வேண்டும். நீங்களும் வாக்காளராயின், உங்கள் வாக்கை எப்போது எங்கே அளிப்பது எனப் பயிற்சியின்போதே கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

ஆட்சேர்ப்பு அறிவித்தல்கள் ரொறன்ரோ நகரத்தின் இணையத்தளத்தில் வெளியிடப்படும். 311 என்ற இலக்கத்தை அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமெனக் கேட்டும் விவரம் பெறலாம். இறுதி வாரம்வரை காத்திராமல், அறிவித்தல் வெளியானவுடன் விண்ணப்பியுங்கள்.