நெரிசலின் பிறப்பிடம் நாற்சந்தி

கோவையில் வழி கேட்டால் கடந்த சில ஆண்டுகளாக ஒரே மாதிரியான பதில்தான் கிடைக்கிறது: "நேராப் போங்க, யூ-டர்ன் போட்டுத் திரும்பி வாங்க." எதிர்ச்சாரியில் கண்ணெதிரே தெரியும் கடைக்குப் போகவும் இதே கதைதான். லாலி ரோடு சந்திப்பு உட்படப் பல இடங்களில் சிக்னலை நிறுத்திவிட்டார்கள். குறுக்கே போகும் வழியைத் தடுப்பு வைத்து அடைத்து, சற்றுத் தள்ளி நடுத்தடுப்பில் வண்டி திரும்ப இடைவெளி விட்டிருக்கிறார்கள். ஊருக்குப் புதியவர் எரிச்சலடைவார். வீணாகப் பெட்ரோல் எரிகிறதே என்பார். அவர் சொல்வதும் பொய்யில்லை. போக வேண்டிய தூரம் கூடத்தான் செய்கிறது. ஆனால் நிற்கும் நேரம் குறைகிறது. அந்தப் பேரத்தில் லாபம் யாருக்கு என்பதைப் புரிந்துகொள்ள, நாற்சந்தியின் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

நம் ஊர்ச் சாலையைத் தடம் தடமாக எண்ணிப் பயனில்லை. தடத்துக்குள் ஓட்டுகிறவர் யார்? காருக்கும் பேருந்துக்கும் நடுவில் இரண்டடி கிடைத்தால் அதில் ஒரு பைக் நுழைந்துவிடும். இதை உணர்ந்துதான் இந்தியச் சாலைக் காங்கிரசின் பழைய வழிகாட்டி, தடத்தை விட்டுவிட்டு அகலத்தைப் பிடித்துக்கொண்டது. பச்சை விளக்கு ஒரு மணி நேரமும் அணையாமல் எரிந்தால், ஒரு மீட்டர் அகலத்துக்கு 525 கார்கள் கடக்கலாம் என்பது அதன் கணக்கு. பைக்குக்கு அதில் குறைந்த எடை, பேருந்துக்குக் கூடுதல் எடை. ஆக, 7 மீட்டர் அகலமுள்ள ஒரு பக்கச் சாலையால் மணிக்கு 3,675 கார்களை அனுப்ப முடியும்.

அந்தச் சாலை ஒரு சிக்னலில் போய் முட்டுகிறது. நான்கு பக்கத்துக்கும் முறை வைத்துத் தனித்தனியாகப் பச்சை காட்டுகிறார்கள். காலில் ஒரு பங்கு நேரம்தான் கைக்கு வரும். 3,675 என்பது 900 சொச்சமாகச் சுருங்கிவிடுகிறது. மஞ்சள் விளக்கு எரியும் நொடிகள், பச்சை விழுந்த பிறகும் முதல் வண்டி அசைய எடுத்துக்கொள்ளும் நொடிகள் ஆகியவற்றைக் கழித்தால் அதுவும் தேறாது. நில எடுப்பு, இழப்பீடு, வழக்கு எல்லாம் தாண்டி அகலப்படுத்திய சாலையில் முக்கால் பங்குக்கு மேல் சந்திப்பு வாயிலேயே பறிபோகிறது. நெரிசல் என்றதும் சாலையின் அகலத்தைப் பார்ப்பது நம் பழக்கம். பார்க்க வேண்டியது சாலைகள் கூடும் இடத்தை.

நான்கு முறை எதற்கு, இரண்டு போதாதா? வடக்கும் தெற்கும் ஒன்றாக, கிழக்கும் மேற்கும் ஒன்றாகப் போகலாமே? போகலாம், வலப்பக்கம் திரும்புகிறவர் இல்லாவிட்டால். இடப்பக்கமாக ஓட்டும் நாட்டில் வலப்பக்கம் திரும்புவதென்றால் எதிரே வரும் கூட்டத்தை அறுத்துக்கொண்டு போக வேண்டும். அந்தச் சிலருக்காகத்தான் தனிப் பச்சை, அதற்காகத்தான் மற்ற எல்லோருக்கும் நீண்ட சிவப்பு. சாதாரண நாற்சந்தி ஒன்றில் வண்டியும் வண்டியும் உரசக்கூடிய புள்ளிகள் 32 என்று பொறியாளர்கள் எண்ணி வைத்திருக்கிறார்கள். பிரியும் இடங்கள் 8, சேரும் இடங்கள் 8, நேருக்கு நேர் அறுக்கும் இடங்கள் 16. உயிர் போவது பெரும்பாலும் இந்தக் கடைசி 16இல்தான். அவற்றில் 12, வலப்பக்கம் திரும்புகிறவர்களால் வருபவை.

இந்தத் திருப்பத்தைச் சந்தியிலிருந்தே விரட்டிவிடும் யோசனை கோவையில் பிறந்ததில்லை. கார்த் தொழிலின் தலைநகரான டெட்ராய்ட் அமைந்துள்ள மிச்சிகன் மாநிலம் 1960களிலேயே அதைச் செய்துவிட்டது. அங்கே வலப்பக்கமாக ஓட்டுகிறார்கள் என்பதால் தொல்லை தருவது இடத் திருப்பம். அதனால் இந்த அமைப்புக்கே 'மிச்சிகன் இடத் திருப்பம்' என்று பெயர் வந்துவிட்டது. சந்தியைத் தாண்டி ஏறத்தாழ 200 மீட்டர் போய், அகன்ற நடுத்தடுப்பில் உள்ள வாய் வழியாகத் திரும்பி வர வேண்டும். லாரியும் ஒரே வீச்சில் வளையும் அளவுக்கு அந்த நடுத்தடுப்புகள் அகலமானவை.

கோவைக்கும் மிச்சிகனுக்கும் இரண்டு வித்தியாசங்கள் உண்டு. இரண்டும் சின்ன விஷயமில்லை. நம் நடுத்தடுப்பு பெரும்பாலும் ஒரு கான்கிரீட் சுவர்தான். அதில் இடைவெளி விட்டால், திரும்பும் பேருந்து ஒரே மூச்சில் வளைய முடியாமல் எதிர்ச்சாரியின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும். திரும்பக் காத்திருக்கும் வண்டிகளுக்கு ஒதுங்கி நிற்கவும் இடமிருக்காது. அவை வலது ஓரத்தை, அதாவது வேகமாகப் போக வேண்டிய பகுதியை அடைத்துக்கொள்ளும். நாற்சந்தியிலிருந்த நெரிசல் இருநூறு மீட்டர் தள்ளிப் போய் உட்கார்ந்ததுபோல் ஆகிவிடும். இரண்டாவது வித்தியாசம் இதைவிடப் பெரியது. மிச்சிகனில் திருப்பம்தான் போயிற்று, சிக்னல் இருக்கிறது. இரண்டே முறையில் விரைவாகச் சுழல்கிறது. நடந்து போகிறவருக்கும் அதில் ஒரு முறை உண்டு. சிக்னலையே எடுத்துவிட்டால் வண்டிகளின் ஓட்டம் அறுபடாது. பள்ளிக்கூடப் பிள்ளையும் மூட்டுவலிக்காரப் பாட்டியும் எந்த இடைவெளியில் கடப்பார்கள்? 21 மீட்டர் அகலச் சாலையை நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் நடந்து கடக்க 17 நொடிக்கு மேல் வேண்டும். யூ-டர்ன் வாய்க்குச் சற்று முன்னால் பாதசாரிகளுக்கென்று ஒரு சிக்னல் வைத்தால் அந்த 17 நொடியும் கிடைக்கும், அதே வேளையில் திரும்பக் காத்திருக்கும் வண்டிகளுக்கும் வழி கிடைக்கும். இதைச் செய்யாமல் விடுவதற்கு நல்ல காரணம் எதுவும் தெரியவில்லை.

ரவுண்டானா இன்னொரு வழி. பழைய தலைமுறைக்கு இது புதிதில்லை. சென்னை அண்ணா சாலையில் அண்ணா சிலை நிற்கும் இடத்தையே ரவுண்டானா என்றுதான் சொல்வார்கள். ஆனால் வட்டம் போட்டுவிட்டால் மட்டும் வண்டி ஓடிவிடாது. பிரிட்டனில் பல பத்தாண்டுகள் ரவுண்டானாக்கள் இருந்தும், கூட்டம் சேர்ந்தால் பூட்டுப் போட்டதுபோல் இறுகிக்கொண்டன. உள்ளே நுழைகிறவர்கள் முண்டியடித்ததில், வெளியேற வேண்டியவர்கள் வெளியேற முடியவில்லை. 1966இல் ஒரே ஒரு விதி வந்தது: வட்டத்துக்குள் இருப்பவருக்கு, நுழைகிறவர் வழிவிட வேண்டும். கல்லும் தாரும் சேர்க்காமலே ரவுண்டானா உயிர்பெற்றுவிட்டது. அந்த விதிக்காகப் போராடிய பொறியாளர்களில் ஒருவரான ஃபிராங்க் பிளாக்மோர் பிறகு வட்டத்தைச் சுருக்கிச் சுருக்கி, சாலையில் வரைந்த பொட்டளவு மினி ரவுண்டானா வரை கொண்டுவந்தார். ஸ்விண்டன் நகரில் ஐந்து சின்ன ரவுண்டானாக்களை ஒரு பெரிய வட்டமாகக் கோத்து 1972இல் அவர் அமைத்த சந்திப்பை முதன்முதலாகப் பார்ப்பவருக்குத் தலை சுற்றும். அது இன்றும் இயங்குகிறது.

நான்கு சாலை கூடும் ஒற்றைத் தட ரவுண்டானாவில் உரசல் புள்ளிகள் 32லிருந்து 8 ஆகக் குறைகின்றன. நேருக்கு நேர் அறுக்கும் புள்ளி ஒன்றுகூட இல்லை. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள கார்மல் என்ற சிறுநகரம், 1990களின் பிற்பகுதியில் தொடங்கி இதுவரை 150க்கும் மேற்பட்ட ரவுண்டானாக்களைக் கட்டிவிட்டது. ஏறத்தாழ சிக்னலே இல்லாத ஊராகிவிட்டது. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் சிக்னலோ நிறுத்தப் பலகையோ இருந்து ரவுண்டானாவாக மாறிய 24 சந்திப்புகளை ஆராய்ந்தபோது, காயம் ஏற்படுத்தும் விபத்துகள் முக்கால் பங்கு குறைந்திருந்தன. எல்லைகளும் உண்டு. ஒற்றைத் தட வட்டம் நாளொன்றுக்கு 25,000 வண்டிகள் வரை தாங்கும். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பெருங்கூட்டம் வந்துகொண்டே இருந்தால் மற்ற மூன்று பக்கமும் காத்துக் கிடக்க வேண்டியதுதான். வழிவிடும் பழக்கம் இல்லாத ஊரில் 1966க்கு முந்தைய பிரிட்டன்தான் திரும்ப வரும்.

சிக்னலை வைத்துக்கொண்டே சாதிக்கக்கூடியதும் நிறைய இருக்கிறது. பிரிட்டனின் சாலை ஆய்வுக் கூடத்தில் எஃப்.வி. வெப்ஸ்டர் 1958இல் வகுத்த சூத்திரம் ஒன்று, சிக்னல் ஒரு சுற்றுச் சுற்றிவர எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்பதைக் கணக்கிடுகிறது. சுற்று மிகக் குறுகினால் மாறும் நொடிகளிலேயே நேரம் போய்விடும். மிக நீண்டால் காத்திருப்பு ஏறிக்கொண்டே போகும். கூட்டம் அதிகமாகிவிட்டது என்று பச்சையை நீட்டிக்கொண்டே போவது கையால் சிக்னலை இயக்கும் காவலருக்கு இயல்பாகத் தோன்றும். அந்த நேரத்தில் மற்ற மூன்று பக்கமும் வரிசை நீண்டு, பின்னால் இருக்கும் சந்திப்பையே அடைத்துவிடுகிறது. அப்புறம் பச்சை விழுந்தும் போக இடமில்லை. 'ஃப்ரீ லெஃப்ட்' என்று எழுதிய பலகைக்குக் கீழே, நேராகப் போக வேண்டிய ஆட்டோ ஒன்று வழியை மறித்து நிற்பதும் இதே கணக்கில் சேரும். அங்கே ஒரு சின்னத் திட்டு கட்டி இடத் திருப்பத்தைப் பிரித்துவிட்டால் பாதித் தகராறு தீரும்.

சந்திப்புக்கு அடுத்த எதிரி, அகலம் மாறிக்கொண்டே இருப்பது. குழாயில் எவ்வளவு தண்ணீர் வரும் என்பதை அதன் ஒடுங்கிய இடம்தான் தீர்மானிக்கும், சாலையும் அப்படியே. மூன்று தடச் சாலையில் ஒரே ஒரு லாரி நின்று சரக்கு இறக்கினால், அந்தப் பகுதி முழுவதும் இரண்டு தடச் சாலையாகிறது. மின்மாற்றி ஒன்று, கோயில் மதில் ஒன்று, தோண்டி மூடாத கேபிள் பள்ளம் ஒன்று எனத் தடைகள் வரிசையாக வருகின்றன. நடைபாதை இல்லாததால் சாலையில் இறங்கி நடக்கும் மக்கள் இடது ஓரத்தை எடுத்துக்கொள்ள, பேருந்து அதற்கும் வலப்புறத்தில் நின்று ஆளை ஏற்றுகிறது.

பெங்களூரின் 'டெண்டர் ஷ்யூர்' திட்டம் கைவைத்தது இந்த நோயில்தான். செயின்ட் மார்க்ஸ் சாலை, ரெசிடென்சி சாலை போன்றவற்றில் வண்டி ஓடும் பரப்பைத் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே அகலமாக்கினார்கள். மிஞ்சிய இடத்தை நடைபாதைக்குக் கொடுத்து, குடிநீர், மின்சாரம், கேபிள் எல்லாவற்றையும் அதற்கடியில் குழாய்களுக்குள் இறக்கினார்கள். சாலையைச் சுருக்குகிறார்கள் என்ற கூச்சல் அப்போது பலமாகக் கேட்டது. எங்கோ ஓரிடத்தில் மட்டும் ஐந்து தடமாக விரிந்திருந்து பயனில்லை என்பது வரைபடத்தை நீளவாக்கில் பார்த்தால்தான் தெரியும். சென்னை பாண்டி பஜாரில் 2019இல் அகன்ற நடைபாதை வந்தபோதும் இதே வாதம் எழுந்தது.

மேம்பாலம் கட்டினால் தீராதா? கட்டிய சந்திப்பில் தீரும். வண்டிகள் எங்கும் நிற்காமல் முழு வேகத்தில் போய் அடுத்த சந்திப்பில் குவியும். 2008இல் திறந்த கத்திப்பாரா போன்ற குளோவர் வடிவ மேம்பாலத்திலும் ஒரு சிக்கல் பிறப்பிலேயே உண்டு. ஒரு வளையத்திலிருந்து இறங்குகிறவரும் அடுத்த வளையத்துக்கு ஏறப்போகிறவரும் குறுகிய நீளத்துக்குள் ஒருவரையொருவர் பின்னிக் கடக்க வேண்டும். தடங்களைக் கூட்டிக்கொண்டே போவதன் உச்சத்தை ஹூஸ்டனில் பார்க்கலாம். அங்கே கேட்டி நெடுஞ்சாலையை 280 கோடி டாலர் செலவில் 2008இல் அகலப்படுத்தி முடித்தார்கள். ஓரச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 தடம். 2011க்கும் 2014க்கும் இடையில் மாலை நேரப் பயணம் 55 விழுக்காடு நீண்டுவிட்டது. இடம் கிடைக்கிறது என்று தெரிந்ததும் வேறு நேரத்தில் போனவர்கள், வேறு வழியில் போனவர்கள், பேருந்தில் போனவர்கள் எல்லோரும் அங்கே வந்துசேர்ந்தார்கள். நெடுஞ்சாலையை நம்பிப் புதுக் குடியிருப்புகளும் முளைத்தன. ஆந்தனி டவுன்ஸ் என்ற பொருளியலாளர் 1962லேயே எச்சரித்த சங்கதி இது.

இன்னும் விசித்திரமானதை ஜெர்மானியக் கணிதவியலாளர் டீட்ரிஷ் பிரேஸ் 1968இல் நிறுவினார். புதிதாக ஒரு சாலை சேர்ப்பதால் ஊரில் எல்லோருடைய பயண நேரமும் கூடலாம். ஒவ்வொருவரும் தனக்குக் குறுக்கான வழியைத் தேர்ந்தெடுக்க, எல்லோரும் ஒரே ஒடுக்கமான சந்தியில் போய் முட்டிக்கொள்கிறார்கள். அப்படியென்றால் ஒரு சாலையை எடுத்துவிட்டால் நிலைமை சீராகும் ஊர்களும் இருக்க வேண்டும்.

சியோல் நகரம் 2003இல் அதைத் துணிந்து செய்தது. சொங்கேசொன் ஓடையை மூடிய சாலையும் அதன்மேல் ஓடிய உயர்மட்டச் சாலையும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,68,000 வண்டிகளைச் சுமந்துகொண்டிருந்தன. பழசாகிப் பழுதுபார்க்க வேண்டிய நிலையில் இருந்த அதை, அப்போதைய மேயர் லீ மியுங்-பாக் இடித்தே விட்டார். வியாபாரிகள் கொதித்தார்கள், நகரம் ஸ்தம்பிக்கும் என்று ஆரூடம் சொன்னவர்களுக்கும் குறைவில்லை. ஸ்தம்பிக்கவில்லை. 2005 அக்டோபரில் 5.8 கி.மீ. நீளத்துக்கு ஓடை திரும்பி வந்தது. பிரேஸின் கணிதம் மட்டும் இதைச் சாதித்துவிடவில்லை. 2004 ஜூலையில் சியோல் தன் பேருந்து முறையையே புரட்டிப்போட்டது: சாலையின் நடுவில் பேருந்துக்குத் தனித் தடம், மெட்ரோவுக்கும் பேருந்துக்கும் சேர்த்து ஒரே அட்டை, தூரத்தைக் கணக்கிட்டுக் கட்டணம். காரை விட்டு இறங்கியவருக்கு ஏற வேறொன்று தயாராக இருந்தது. அதற்குப் பிறகும் சியோல் நிறுத்தவில்லை. 1968இல் கட்டிய, நாட்டின் முதல் மேம்பாலமான அஹியோன் பாலத்தையும் 2014இல் இடித்தது.