லொறி பிந்தினாலும் சாரதி பிழைக்கட்டும்

2025 நவம்பர் 28இல் டித்வா சூறாவளி இலங்கையைத் தாக்கியது. நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மண்சரிவுகள் பாதைகளை மூடின, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்.

காணியை விட்டு இடம்பெயர்ந்தோருக்கு அரிசியும் மாவும் லொறியிலேயே வரவேண்டும். ஆயினும் அடைமழையில் சாரதியை "எப்படியாவது வாருங்கள்" என நெருக்குவது தகாது.

மலையின் நிலையை முதலில் காண்பவர்கள் நாமே. மண்மேட்டில் கலங்கிய நீர் ஊறினால், பாதையில் வெடிப்புத் தோன்றினால், மரங்கள் சாய்ந்தால் உடனே சாரதிக்குச் சொல்வோம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்திற்கும் 117இல் அறிவிப்போம். பாதையைக் கடந்தோடும் வெள்ளம் அடிமண்ணை அரித்திருக்கலாம். பாரமேற்றிய லொறியை அது தாங்காது. மண்மேட்டின் கீழ் லொறியை நிறுத்தவும் விடக்கூடாது.

மூடை நாளை வரலாம். போன உயிர் வராது.